பழைய இராணுவ லாரியும் அதன் பிரேக்கும்



சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, பொறியியற் கல்லூரி மாணவர் நால்வர் என் இல்லம் தேடி வந்தனர். தங்கள் கல்லூரியின் பின்புறத்தில் வேலமரங்களுக்கிடையே பல்லாண்டுகளாகக் கிடந்த இராணுவ லாரி ஒன்றைத் தாங்களே செப்பனிட்டு வருவதாகவும், அதன் எஞ்சின் முதல்நாள் மாலை உயிர்பெற்று உறுமியதாகவும் கூறினர். "ஐயா, வருகிற வெள்ளிக்கிழமை வண்டியைக் கல்லூரியைச் சுற்றி ஓட்டப் போகிறோம். தாங்கள் அவசியம் வரவேண்டும்" என்றனர். பிரேக்கைப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன். "மிதித்தால் கொஞ்சம் பிடிக்கிறது, ஐயா" என்றார் ஒருவர்.

கொஞ்சம் என்ற அந்த ஒரு சொல் என்னை 1971ஆம் ஆண்டுக்கு இழுத்துச் சென்றது. அந்த ஆண்டில் நடந்ததையும், இந்த வண்டியின் பிரேக்கை நாங்கள் பிரித்துச் சீர்செய்த வகையையும் இன்று உங்களுக்குச் சொல்லலாம் என எண்ணுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் பேரரசின் படைகளுக்காகக் கனடா நாட்டில் செய்யப்பட்ட மூன்று டன் ஷெவர்லே லாரி அது. ஆஷவா நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும், வின்சர் நகரில் ஃபோர்டு நிறுவனமும் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இவ்வகை வண்டிகளைச் செய்து குவித்தன. எல்லா வகையும் சேர்த்து அப்போரில் கனடா செய்தளித்த படைவண்டிகள் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டவை. சப்பை மூக்கும், வலப்பக்கத்து ஓட்டுநர் இருக்கையும் இவற்றின் அடையாளம். 1942 முதல் வந்த வண்டிகளில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பார்ப்பவர் அதனை ஏதோ பிழையென்றே எண்ணுவர். கண்ணாடியில் வெயில் பட்டு மின்னி, வானூர்தியில் வரும் பகைவனுக்கு வண்டி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கலாகாது என்றே அவ்வாறு அமைத்தனர்.

போர் முடிந்தபின் தேவைக்கு மிஞ்சிய வண்டிகளை அரசு விற்றுவிட்டது. 'டிஸ்போசல் வண்டி' என்ற பெயரோடு அவை நம் ஊர்களுக்கு வந்தன. சரக்கு ஏற்றின, மேற்கூடு மாற்றப்பட்டுப் பேருந்துகளாக ஓடின, முதுமை வந்தபோது மலைத்தோட்டங்களுக்குச் சென்று மரம் சுமந்தன. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் வண்டி ஆதலால், மலைமேல் சேற்றுப் பாதைகளில் அதற்கு இணை அக்காலத்தில் எளிதில் கிடைக்கவில்லை. பதினேழு வயதில் சேலத்துப் பட்டறை ஒன்றில் நான் தொழில் பழகியபோது, சேர்வராயன் மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து இத்தகைய வண்டியொன்று எங்களிடம் வருவதுண்டு.

அன்று நடந்ததை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் பிரேக்கின் அமைப்பை ஓரளவு அறிந்திருத்தல் நலம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று உண்டு. ஒருபுறம் திறந்த மத்தளத்தைப்போல் இருப்பதால் அதனை டிரம் என்கிறோம். அதனுள்ளே, தாம் சுழலாமல் நிற்கும் பிறைவடிவான இரும்புத் துண்டுகள் இரண்டு. இவை ஷூ எனப்படும். ஷூவின் வெளிப்புறத்தில் உராய்வுப் பட்டையாகிய லைனிங், தறையாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் மிதிக்கும்போது ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன. காலின் விசை சக்கரம்வரை செல்வது திரவத்தின் வழியாக. மாஸ்டர் சிலிண்டர் என்னும் தாய் உருளையில் ஓர் உந்துதண்டு திரவத்தைத் தள்ள, அவ்வழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களின் சிறிய உருளைகளுக்கும் குறையாமல் சென்று சேர்கிறது. பாஸ்கல் கண்ட விதியை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த விதியை மோட்டார் வண்டிக்குப் பொருத்தியவர் மால்கம் லாக்கீட் என்னும் அமெரிக்கர். நான்கு சக்கரங்களிலும் இம்முறையைக் கொண்ட டியூசன்பர்க் கார் 1921இல் வெளிவந்தது.

இனி ஒரு சிறு துளையைப் பற்றிக் கூறவேண்டும். மாஸ்டர் சிலிண்டரில், உந்துதண்டின் முனையிலுள்ள ரப்பர்க் கிண்ணத்திற்குச் சற்று முன்னால், குண்டூசி நுழையுமளவே ஆன துளை ஒன்று இருக்கிறது. இந்தக் கிண்ணத்தைப் பட்டறையில் 'கப்பு' என்போம். துளையின் வழி மேலேயுள்ள திரவத் தொட்டிக்குச் செல்கிறது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் இத்துளை திறந்துவிடும். சூட்டினால் விரிந்த திரவம் இதன் வழியே தொட்டிக்கு ஏறும். குறைந்தால் தொட்டியிலிருந்து இறங்கும். இத்துளை அடைபட்டால் என்ன ஆகும்? விரிந்த திரவத்திற்குப் போக்கிடம் இல்லை. ஆகவே அது ஷூக்களைத் தள்ளுகிறது. யாரும் மிதியாமலே பிரேக்கு பிடிக்கிறது; பிடிப்பதால் சூடு; சூட்டால் மேலும் விரிவு; விரிவால் மேலும் பிடிப்பு.

அந்த 1971ஆம் ஆண்டில் எங்கள் பட்டறைக்கு வந்த மலைவண்டியின் மாஸ்டர் சிலிண்டரை எங்கள் மேஸ்திரி பிரித்தார். கப்புகள் நல்ல நிலையில் இருந்தன. "கழுவி வை, தம்பி" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வேறு வண்டிக்குச் சென்றார். பட்டறையில் எப்பொருளையும் மண்ணெண்ணெயில்தான் கழுவுவோம். நானும் அவ்வாறே கழுவினேன். அதோடு விடாமல், அழுக்கு நன்றாகப் போகட்டும் என்று இரவு முழுவதும் அதிலேயே ஊறவும் போட்டேன். காலையில் துடைத்து, மேஸ்திரி கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். அவரும் அன்றைய அவசரத்தில் பார்க்காமல் பூட்டிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. பிரேக்கில் ஊற்றும் திரவத்தை நம் நாட்டுப் பட்டறைகளில் இன்றும் 'பிரேக் ஆயில்' என்றே வழங்குகிறார்கள். அது எண்ணெயே அன்று. எண்ணெய் இனத்தோடு அதற்கு உறவில்லை என்பது மட்டுமன்று. எண்ணெய் அதற்குப் பகை. அத்திரவத்திற்கென ஆக்கப்பட்ட ரப்பர், பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் இவற்றில் எது பட்டாலும் அதனை உறிஞ்சி ஊறிப் பருத்துவிடும். ஆயில் என்ற பெயரைக் கேட்டு வளர்ந்த சிறுவன், அதில் நனையும் பொருளை மண்ணெண்ணெயில் கழுவினால் என்ன என்று எண்ணியதில் வியப்பில்லை. பெயர் வைத்தவரைக் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முயல்வதாக நினையாதீர்கள். கேட்டிருந்தால் மேஸ்திரி சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

வண்டி மலை ஏறியது. இரண்டு நாள் குறையொன்றும் இல்லை. மூன்றாம் நாள் சவுக்குமர நிறத்தில் நீண்ட கட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20 உண்டு என்பதை அறிவீர்கள். பாரத்தோடு 6,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்ளுங்கள். அவ்வளவு உயரம் இறங்கும்போது அது விடும் ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீரை 30 பாகைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு பெரிய பீப்பாய் நீர்! அந்த வெப்பத்தை எஞ்சினோ, காற்றோ, நான்கு டிரம்களோ ஏற்றாக வேண்டும். மலை ஓட்டுநர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்று சொல்வது, எஞ்சினும் அச்சுமையில் பங்கு கொள்ளட்டும் என்பதற்காகத்தான்.

எங்கள் வண்டியின் ஓட்டுநர் அனுபவம் மிக்கவர். இரண்டாம் கியரில்தான் இறங்கினார். ஆனால் பருத்த கப்பு துளையை மூடிவிட்டதால் பிரேக்கு தானாகவே பிடித்துக்கொண்டு, நான்கு டிரம்களும் காய்ந்துகொண்டே வந்தன. தீய்ந்த நாற்றம் வந்தது. பாதி மலையில், வளைவு ஒன்றிற்குமுன் மிதித்தார். மிதி கல்லைப்போல் நின்றது, வண்டி நிற்கவில்லை. லைனிங் அளவு மீறிக் காய்ந்தால் அதிலுள்ள பிசின் ஆவியாகி, பிடிப்பு போய்விடும். டிரம்மும் விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதி ஆழத்தில் விழுந்தால் திரவத்தில் ஆவி அல்லது காற்று. மிதி கெட்டியாக நின்றும் வண்டி ஓடினால் லைனிங்கின் களைப்பு. இந்த வேறுபாட்டை நான் கற்ற விதம் இது.

மலைவண்டிகளில் கிளீனர் கையில் எப்போதும் ஒரு கட்டை இருக்கும். எங்கள் வண்டியின் கிளீனருக்கும் என் வயதுதான். அவன் கட்டையோடு குதித்து, பின்சக்கரத்தின்கீழ் அதனைப் போட்டான். முதல்முறை சக்கரம் அதைத் தள்ளிவிட்டது. ஓடிச்சென்று மறுபடியும் போட்டான். இம்முறை சக்கரம் ஏறியது, கட்டையின்மேல் மட்டுமன்று. ஓட்டுநர் வண்டியை மலைப்பக்கத்துச் சுவரோடு உராயவிட, அது கட்டையிலும் சுவரிலும் சிக்கி நின்றது. மூவரும் உயிர் தப்பினர். கிளீனருக்கு இடக்கையில் இரண்டு விரல்கள் போயின.

வண்டியை இழுத்து வந்தபின் மேஸ்திரி மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து, உள்ளிருந்த கப்பை ஒரு உள்ளங்கையிலும் புதிய கப்பு ஒன்றை மறு உள்ளங்கையிலும் வைத்து என்னிடம் நீட்டினார். பழையது ஊறிய கொண்டைக்கடலை போலப் பருத்து, விரலால் அழுத்தினால் குழைந்தது. "எதில் கழுவினாய், தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. வண்டியின் உரிமையாளர் வந்தபோது, "நான் பூட்டிய கப்பு, ஐயா, தவறு என்னுடையது" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

அந்தக் கப்பின் கதையை மாணவர் நால்வருக்கும் சொன்னபின், வெள்ளிக்கிழமை ஓட்டத்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை. மறுநாளே நான் அவர்கள் கொட்டகைக்குச் சென்றேன்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சின்கீழ் தாங்கிகள் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினோம். டிரம் வரவில்லை. ஒரு மாணவர் பெரிய சம்மட்டியை எடுத்தார், தடுத்தேன். வார்ப்பிரும்பு அடியைத் தாங்காது, விளிம்பு தெறித்துவிடும். பழைய டிரம்மில் லைனிங் உராய்ந்த இடம் தேய்ந்து, தேயாத ஓரம் வரம்பாக நிற்கும். ஷூக்கள் அவ்வரம்பின் உட்பக்கம் மாட்டிக்கொள்ளும். ஆகவே சரிசெய்யும் திருகை முதலில் பின்வாங்கி, ஷூக்களைச் சுருங்கவிட்டு, துருவிற்கு மருந்திட்டு, மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, மாலைவரை பொறுத்தோம். வந்தது.

டிரம் கழன்றதும் உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் பொடி அப்பியிருந்தது. ஒரு மாணவர் குனிந்து ஊதப் போனார். நான் கத்திய கத்தலில் அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். அக்கால லைனிங்குகள் கல்நார் கலந்தவை. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைவிப்பன என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு உறுதி செய்திருக்கிறது. இன்று மூச்சில் சென்ற நார், நோயாக வெளிப்பட 20 அல்லது 30 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். எங்கள் மேஸ்திரி ஒவ்வொரு டிரம்மையும் வாயால் ஊதித் துடைத்தவர். காற்றுப்பம்பு வந்தபின் அதனால் ஊதியவர். 1994இல் மூச்சுத்திணறி இறந்தார். பீடியும் பிடிப்பார், ஆகவே எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்தப் பொடி பறந்த அறையில் அவருக்குப் பக்கத்தில் விளக்குப் பிடித்து நின்றவன் நான்.

ஆதலால் முகமூடி அணிந்து, சோப்பு நீர் தெளித்துப் பொடியை நன்றாக நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பொடியையும் பையிலிட்டுக் கட்டினோம். கல்நார் இல்லாத லைனிங்கையே புதிதாகத் தறைவது என்றும் முடிவு செய்தோம். பழைமை மாறாமல் இருக்கவேண்டும் என்று ஒருவர் வாதிட்டார். இந்த ஒன்றில் நான் இணங்கவில்லை.

ஷூக்களைப் பற்றி ஒரு நுட்பம் சொல்வேன். ஒரு டிரம்மினுள் இருக்கும் இரண்டு ஷூக்களும் ஒரே அளவு உழைப்பதில்லை. ஒரு கோலைச் சாய்த்துத் தரையில் ஊன்றி, முனை முன்னே இருக்கத் தள்ளிப் பாருங்கள், குத்திக்கொண்டு நிற்கும். அதனையே பின்னால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். அதுபோல், வண்டி முன்னே ஓடும்போது ஒரு ஷூவை டிரம்மே தன்பால் இழுத்து மேலும் இறுக்குகிறது, மற்றொன்றைத் தள்ளிவிடுகிறது. காலின் விசைக்கு மேற்பட்ட விசை இவ்வாறு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இலவசமாகக் கிடைப்பது குறையையும் பெருக்கும். ஒரு சக்கரத்து லைனிங்கில் எண்ணெய்ப் பசை பட்டால், வண்டி மறுபக்கமாகத் திடுமென இழுப்பது இதனால்தான். எனவே ஓர் அச்சின் ஒரு பக்கத்தில் மட்டும் லைனிங் மாற்றுவது கூடாது. டிரம்மைக் கடைசல் இட்டாலும் இருபுறமும் ஒரே அளவாகவே இடவேண்டும். மிகுதியாகக் கடைந்தால் டிரம் மெலிந்து வெப்பத்தை ஏற்கும் திறன் குன்றும். ஆகவே உள்ளளவு மானியால் பல இடங்களில் அளந்து, வட்டம் கெட்டிருந்த இரண்டை மட்டும் அவற்றின் இணைகளோடு சேர்த்துக் கடைந்தோம்.

லைனிங்கைத் தறையும்போது நடுவிலிருந்து இரு முனைகளையும் நோக்கிச் செல்லவேண்டும். முனையிலிருந்து தொடங்கினால் நடுவில் புடைத்து, ஷூவுக்கும் பட்டைக்கும் இடையே வெளி விழும். முதல் ஷூவை மாணவர்கள் மூன்றுமுறை தறைந்து மூன்றுமுறையும் பிரித்தனர். எட்டாவது ஷூவைப் பார்த்தபோது நான் செய்திருந்தால் அவ்வளவு நேர்த்தியாக இருந்திருக்குமா என்பது ஐயமே.

சக்கர உருளைகளின் உட்புறம் துருவால் குழி விழுந்திருந்தது. அகலமாகக் கடைந்து, துருப்பிடியாத எஃகுக் குழல் செருகி, பழைய அளவுக்கே கொண்டுவந்தோம். ரப்பர்ப் பொருள்கள் எல்லாம் புதியவை. அவற்றைப் புதிய பிரேக்குத் திரவத்தில் நனைத்தே பூட்டவேண்டும் என்று நான் வாய் திறக்கும்முன் அவர்களே செய்தனர்.

திரவத்தைப் பற்றி மட்டும் ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. சாதாரணத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூன்றாம் தரம் எனக் குறிக்கப்படும் திரவம் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாதிருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அதே திரவத்திற்கு 140 பாகையே எல்லை. கொதித்த திரவம் ஆவியாகும்; ஆவி அமுங்கும்; மிதி விழும். சிலிக்கோன் திரவம் ஈரத்தை உறிஞ்சாது. ஆண்டுக்கணக்கில் நிற்கும் தன் வண்டிகளுக்காக அமெரிக்க இராணுவம் 1980களில் அதற்கு மாறியது. அதையே ஊற்றலாம் என்றார் ஒரு மாணவர். நூலறிவின்படி அவர் சொன்னது சரி. ஆயினும் நாளை யாரோ ஒருவர் பக்கத்துக் கடையில் சாதாரணத் திரவம் வாங்கித் தொட்டியில் ஊற்றிவிடுவார். இரண்டும் ஒன்றோடொன்று கலவா. மண்ணெண்ணெயில் கப்பு கழுவியவன் எனக்கு நினைவில் இருந்ததால் சாதாரணத் திரவமே போதும் என்றேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று தொட்டியின் மேலேயே தகட்டில் பொறித்து வைத்தார்கள்.

பின்பு காற்று நீக்கினோம். தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, ஒருவர் மிதிக்க, ஒருவர் திருகைத் திறக்க, கண்ணாடிச் சீசாவிலிருந்த திரவத்தில் அமிழ்ந்த குழலின் முனையில் குமிழிகள் வந்து, குறைந்து, நின்றன. மிதி உறுதியாக நின்றது.

மைதானத்தில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், ஆறுமுறை ஓட்டி ஆறுமுறை நிறுத்தினோம். மண்ணில் நான்கு சக்கரத் தடங்களும் ஒத்திருந்தன. மாணவர்கள் கைதட்டினர். நான் இறங்கி ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. இடப்பக்கத்து முன்சக்கரத்தருகே கை வைக்க முடியவில்லை.

மாஸ்டர் சிலிண்டரின் துளையை முதலில் பார்த்தோம், திறந்திருந்தது. திருகு, ஷூ, வில், கப்பு எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் ஒரு மாணவர், சட்டத்திலிருந்து அச்சக்கரத்திற்கு வரும் வளைகுழாயைக் காட்டி, "இது மட்டும் பழையது, ஐயா, வெளியே நன்றாக இருந்ததால் மாற்றவில்லை" என்றார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. அதனைக் கழற்றி நெடுக அறுத்துப் பார்த்தோம். உட்சுவர் ரப்பர் பருத்து, நடுவில் ஊசி நுழையுமளவு வழியே எஞ்சியிருந்தது. மிதிக்கும் விசை திரவத்தை உள்ளே செலுத்திவிடும். திரும்பி வர வில்லின் விசை போதாது. அறுத்த குழாயை அந்த மாணவர் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய குழாய்கள் வர ஒன்பது நாள் ஆயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் மாற்றி, மறுபடியும் காற்று நீக்கி, மறுபடியும் ஆறுமுறை ஓட்டினோம். இம்முறை நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. அந்த மாணவரே முதலில் குதித்துச் சென்று, நான்கு சக்கரங்களையும் புறங்கையால் பார்த்துவிட்டு வந்தார்.